வனிலாவின் பெயரால் ஒரு பொய்

சென்ற ஜூலையில் ஆக்லாந்தில் ஒரு பிறந்தநாள் விருந்து. பிறந்தநாள் குழந்தைக்குத்தான். கேக் வெட்டி முடிந்து பிள்ளைகள் மாடிக்கு ஓடியபின், ஆண்கள் வழக்கம்போல காராஜில் கூடினோம். வீட்டுக்காரர் எங்கள் எல்லோருக்கும் மூத்தவர், எல்லோருக்கும் அண்ணன். அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஒரு ஸ்காட்ச் பாட்டிலை, பச்சைக் குழந்தையைத் தூக்குவதுபோல இரண்டு கையாலும் எடுத்து வந்தார். 18 ஆண்டுச் சரக்கு என்று லேபிள் சொன்னது. ஊற்றினார். நண்பர் ஒருவர் கோப்பையைச் சுழற்றி, மூக்கை உள்ளே விட்டு, கண்ணை மூடிக்கொண்டார்.

"வனிலா நோட் சும்மா தூக்குது அண்ணே. ஓக் பீப்பாய்னா ஓக் பீப்பாய்தான்."

எல்லோரும் தலையாட்டினோம். நானும் ஆட்டினேன்.

இரவு பதினோரு மணிக்குக் கோப்பைகளைக் கழுவ உதவிக்கொண்டிருந்தபோது அண்ணன் என் காதருகே வந்தார். "யார்கிட்டயும் சொல்லிராத தம்பி. அது நம்ம காராஜ்ல காய்ச்சினது. பத்து வனிலா காய் வெட்டிப் போட்டேன். அப்பவும் அந்த வாடை போகல. கடைசில அரை பாட்டில் எசன்ஸை ஊத்தினேன். ஒருத்தனாவது கண்டுபிடிச்சானா பாத்தியா?"

நான் சிரித்தேன். "கலக்கிட்டீங்க அண்ணே" என்றுகூடச் சொன்னேன். மறுநாள் காலை தலை பிளந்தபோது அந்தச் சிரிப்புத்தான் அதிகமாக வலித்தது. ஏனென்றால் நானும் காய்ச்சுகிறவன். அன்று என்ன நடந்தது என்று அந்த அறையிலிருந்த மற்றவர்களைவிட எனக்கு நன்றாகத் தெரியும். அவரிடம் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு விளக்கம். வீட்டில் சாராயம் காய்ச்சுவது இந்த நாட்டில் குற்றமில்லை. 1996ஆம் ஆண்டுச் சுங்க, கலால் சட்டம் அதை அனுமதித்தது. 2018இல் வந்த புதிய சட்டமும் அந்த அனுமதியை அப்படியே வைத்துக்கொண்டது. சொந்தப் பயன்பாட்டுக்குக் காய்ச்சலாம், விற்கக் கூடாது, அவ்வளவுதான். வடிகலன், ஈஸ்ட், கரி வடிகட்டி எல்லாம் கடையில் வெளிப்படையாகக் கிடைக்கும். ஆஸ்திரேலியாவிலோ பிரிட்டனிலோ கனடாவிலோ இதை வாசிப்பவர்கள் இதை நம்பி வடிகலன் வாங்கிவிட வேண்டாம். அங்கே உரிமம் இல்லாமல் காய்ச்சுவது குற்றம். ஆனால் கடையில் வாங்கிய ரம்மிலோ வோட்காவிலோ வனிலா காயை ஊறப்போட உரிமம் எதுவும் வேண்டியதில்லை. நான் இங்கே சொல்வதில் பெரும்பகுதி அவர்களுக்கும் பொருந்தும்.

இன்னொன்று. நான் குடிக்கு வக்கீல் இல்லை. குடியால் அழிந்த குடும்பங்கள் இல்லாத தெரு நம் ஊரில் கிடையாது. குடிக்காதவர் குடிக்க வேண்டாம். குடிக்கிறவர், அதைத் தன் கையாலேயே செய்கிறவர், அதில் என்ன போடுகிறார், எதற்குப் போடுகிறார் என்பதைப் பற்றி மட்டுமே பேசுகிறேன்.

அண்ணனின் முதல் தவறு, வனிலாவைக் கொண்டு வாடையை மூடப் பார்த்தது. அந்த வாடை எங்கிருந்து வந்தது? சர்க்கரை ஊறலை வடிகலனில் ஏற்றினால் முதலில் இறங்குவது அசிட்டால்டிஹைடும் எத்தில் அசிட்டேட்டும் நிறைந்த பகுதி. நகப்பூச்சு அழிக்கும் திரவத்தின் நெடி அடிக்கும். அதைக் கொட்டிவிட வேண்டும். நடுவில் வருவதுதான் குடிக்கத் தக்கது. கடைசியில் வருவதில் கனமான ஆல்கஹால்கள் சேர்ந்து ஈர அட்டைப்பெட்டி, ஈர நாய் போன்ற ஒரு வாடை ஏறும். அதையும் ஒதுக்க வேண்டும். எங்கே வெட்டுவது என்று சொல்ல வெப்பமானி ஓரளவு உதவும். முடிவெடுப்பது மூக்குத்தான். பேராசைப்பட்டவன் முன்னேயும் பின்னேயும் கால் லிட்டர் கூடுதலாகச் சேர்த்துக்கொள்கிறான். பிறகு வாடை வருகிறது. பிறகு வனிலாவைத் தேடுகிறான்.

வனிலா அந்த வாடையை மூக்கிலிருந்து கொஞ்சம் மறைக்கும். திரவத்திலிருந்து ஒரு சொட்டைக்கூட எடுக்காது. மறுநாள் தலைவலிக்கு வனிலாவின் மணம் தெரியாது. கெட்ட மீனுக்கு மசாலாவைத் தூக்கிப்போட்டு விற்கிற கடைக்காரரை நாம் என்ன சொல்வோம்? அதையே காராஜில் செய்தால் கைவண்ணம் என்கிறோம். கெட்டுப்போன வடிக்கு மருந்து ஒன்றுதான்: தண்ணீர் கலந்து மறுபடி வடித்து, இம்முறை நேர்மையாக வெட்டுவது. அதற்கும் மனமில்லை என்றால் ஜன்னல் துடைக்க வைத்துக்கொள்ளலாம்.

இந்த இடத்தில் யாராவது கள்ளக்குறிச்சியை இழுப்பார்கள். இழுக்கட்டும், அதைப் பேசித்தான் ஆக வேண்டும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டு மே மாதம் விழுப்புரம், செங்கல்பட்டு மாவட்டங்களில் இருபதுக்கும் மேல். "வீட்டில் காய்ச்சினால் இப்படித்தான், கண் போகும், உயிர் போகும்" என்று இங்கே விருந்துகளில் பலர் முடித்துவிடுகிறார்கள். அவர்களைக் கொன்றது ஊறலில் விளைந்த சாராயம் இல்லை. தொழிற்சாலைக்குப் போக வேண்டிய மெத்தனால் திருட்டு வழியில் பாக்கெட்டுக்குள் வந்தது. மெத்தனால் உடம்புக்குள் போய் ஃபார்மிக் அமிலமாக மாறி, முதலில் பார்வை நரம்பைத் தாக்குகிறது. சர்க்கரை ஊறலில் அது கிட்டத்தட்ட உண்டாவதே இல்லை. பழ ஊறலில் பெக்டின் காரணமாகச் சிறிதளவு உண்டாகும். பேரல் பேரலாக வருவது ரசாயனக் கிடங்கிலிருந்துதான்.

ஆனால் கள்ளக்குறிச்சியிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் ஒன்று உண்டு. மெத்தனாலை மூக்கால் பிடிக்க முடியாது. நாக்காலும் முடியாது. அந்தக் கூலித் தொழிலாளிகள் தாங்கள் குடிப்பது என்ன, யார் செய்தது, எதைக் கலந்தது என்று எதுவுமே தெரியாமல் குடித்தார்கள். விற்றவர் சொன்னதை நம்பினார்கள். நம்பியதால் செத்தார்கள். குடிக்கிறவனுக்கு இருக்கிற ஒரே பாதுகாப்பு, ஊற்றிக் கொடுக்கிறவனின் வாய் உண்மை பேசுவதுதான். அண்ணனின் சரக்கில் மெத்தனால் இருந்திருக்காது, அது எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த அறையில் ஏழு பேர், எங்கோ ஒரு ஸ்காட்லாந்துத் தொழிற்சாலையின் பெயரை நம்பி, அவருடைய காராஜ் வடியைக் குடித்தோம். கண்டுபிடிக்க முடியாமல் போனதில் அவர் பெருமைப்பட்டார். நான் பயந்திருக்க வேண்டும்.

இரண்டாவது தவறு, எசன்ஸ். இதைச் சொன்னால் என் சக கணினிக்காரர்கள் உடனே வேதியியல் பேசுவார்கள்: "வனிலின் என்பது ஒரு மூலக்கூறு. காயில் இருந்தாலும் பெட்ரோலியத்திலிருந்து வந்தாலும் அணு அடுக்கு ஒன்றுதான். வித்தியாசம் உன் மனப்பிரமை."

மூலக்கூறு ஒன்றுதான், ஒப்புக்கொள்கிறேன். 1874இல் ஜெர்மனியில் டீமானும் ஹார்மானும் ஊசியிலை மரச்சாற்றிலிருந்த கோனிஃபெரினைக் கொண்டு வனிலினைச் செய்து காட்டினார்கள். பிறகு கிராம்பின் யூஜெனாலிலிருந்து, காகித ஆலைக் கழிவின் லிக்னினிலிருந்து, இன்று பெரும்பாலும் பெட்ரோலிய வழி வரும் குவாயகாலிலிருந்து செய்கிறார்கள். உலகம் உண்ணும் வனிலினில் காயிலிருந்து வருவது நூறில் ஒரு பங்குகூட இல்லை. அது விஷமும் இல்லை. பிஸ்கட்டில் போடுங்கள், பாயசத்தில் போடுங்கள். அடுப்புச் சூட்டில் சுடும் பண்டத்தில் காய்க்கும் எசன்ஸுக்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது எனக்கும் கஷ்டம்தான்.

ஆனால் காயில் இருப்பது வனிலின் மட்டுமில்லை. இருநூறுக்கும் மேற்பட்ட மணச்சேர்மங்கள் அதில் உண்டு. உலர்திராட்சை, புகையிலை, தோல், மரம் என்று ஒன்றன்பின் ஒன்றாக எழும் அந்த வாசனையெல்லாம் அவற்றிலிருந்து வருகிறது. மாவும் வெண்ணெயும் முட்டையும் அவற்றைப் புதைத்துவிடும். தெளிந்த சாராயத்தில் அவை ஒளிந்துகொள்ள இடமே இல்லை. ஒற்றை மூலக்கூறை ஊற்றினால் ஒற்றைச் சுருதிதான் கேட்கும். தம்புராவை மட்டும் மீட்டிவிட்டுக் கச்சேரி முடிந்தது என்று எழுந்து போகிறவருக்கு அது போதும்.

அந்த இருநூறும் சும்மா வரவில்லை. பச்சை வனிலா காய்க்கு மணமே கிடையாது. வனிலின் அப்போது சர்க்கரையோடு பிணைந்து கிடக்கும். காயை ஏறத்தாழ 65 பாகைச் சூட்டு நீரில் சில நிமிடம் முக்கி, கம்பளியில் பொதிந்து வியர்க்க வைத்து, வெயிலிலும் நிழலிலும் மாற்றி மாற்றி உலர்த்தி, பிறகு பெட்டியில் மாதக்கணக்கில் முதிர விட வேண்டும். ஐந்தாறு கிலோ பச்சைக் காய் ஒரு கிலோவாகச் சுருங்கும். அதற்கு முன்னால் பூ. வனிலா மெக்சிகோவின் கொடி. பூ ஒரு நாள்தான், அதுவும் காலையில்தான் விரிந்திருக்கும். வேறு நாடுகளில் நட்டபோது கொடி படர்ந்தது, பூத்தது, காய்க்கவில்லை. ஐரோப்பியத் தாவரவியலாளர்கள் பல ஆண்டு மண்டையை உடைத்துக்கொண்டார்கள். 1836இல் பெல்ஜியத்தில் மோரன் கண்ணாடிக் குடிலில் காய்க்கவைத்தார். ஆனால் அது தோட்டத்துக்கு வந்து சேரவில்லை.

தோட்டத்தில் செய்து காட்டியவன் 12 வயது அடிமைச் சிறுவன். இந்தியப் பெருங்கடலில் அப்போது பூர்போன் என்று அழைக்கப்பட்ட ரீயூனியன் தீவில், 1841இல், எட்மோன் என்ற அந்தப் பையன் ஒரு மெல்லிய குச்சியால் பூவுக்குள் இருக்கும் சிறு மடலைத் தூக்கி, கட்டைவிரலால் மகரந்தத்தை அழுத்தினான். காய் வந்தது. இன்றும் உலகெங்கும் ஒவ்வொரு வனிலாப் பூவையும் மனிதக் கைதான் அப்படித் தொடுகிறது. 1848இல் அடிமைமுறை ஒழிந்தபோது அவனுக்கு ஒரு குடும்பப் பெயர் தரப்பட்டது: அல்பியுஸ். லத்தீனில் வெள்ளை என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது, கறுப்புப் பையனுக்கு! ரிஷார் என்ற தாவரவியலாளர், அதைக் கற்றுக்கொடுத்ததே தான்தான் என்று உரிமை கொண்டாடினார். பையனின் முன்னாள் எஜமானரே எழுந்து மறுத்து எழுத வேண்டியிருந்தது. தீவு வனிலாவால் செழித்தது. எட்மோன் 1880இல் வறுமையில் செத்தான்.

இந்தக் கதையைத் தெரிந்தபிறகும் எசன்ஸ் ஊற்றலாம். ஊற்றிவிட்டு எசன்ஸ் ஊற்றினேன் என்று சொல்லுங்கள். வனிலா என்று சொல்லாதீர்கள். எட்மோனிடமிருந்து ஒருமுறை திருடியது போதும்.

மூன்றாவது தவறு, பத்துக் காய். இதற்கு அறம் தேவையில்லை, கணக்கு போதும். பதப்படுத்திய ஒரு காய் ஏறத்தாழ 3 கிராம் எடை. நல்ல காயில் 2 விழுக்காடு வனிலின் இருக்கும். ஆக ஒரு காயில் 60 மில்லிகிராம். பல ஆண்டு பீப்பாயில் கிடந்த விஸ்கியில் லிட்டருக்குச் சில மில்லிகிராம் வனிலின்தான் இருக்கிறது. ஒரே ஒரு காய் முழுதாக இறங்கினாலே பீப்பாயைப் பல மடங்கு தாண்டிவிடும். அண்ணன் பத்துப் போட்டார். அமெரிக்காவில் வனிலா எக்ஸ்ட்ராக்ட் என்று லேபிள் ஒட்ட வேண்டுமானால் லிட்டருக்கு ஏறக்குறைய 100 கிராம் காய் வேண்டும். அது தேக்கரண்டியால் அளந்து கேக்கில் விடுகிற பொருள். அண்ணன் அதில் மூன்றில் ஒரு பங்கு தூரம் நடந்திருக்கிறார். அதன்மேல் எசன்ஸ் வேறு.

சரியாகச் செய்வது எளிது. காயை வடிகலனுக்குள் போடாதீர்கள். எத்தனால் 78 பாகையில் கொதிக்கிறது, வனிலின் 285இல். காயின் உயிர் அடியிலேயே தங்கிவிடும். சுத்தமாக வெட்டிய நடு வடியை 45, 50 விழுக்காட்டுக்குத் தண்ணீர் சேர்த்து இறக்குங்கள். லிட்டருக்கு ஒரு காய். நீளவாக்கில் கீறி, விதையைச் சுரண்டாமல் அப்படியே போடுங்கள். காய் முழுதும் மூழ்கியிருக்கட்டும். இருட்டில் வையுங்கள். மூன்றாம் நாளிலிருந்து தினம் ஒரு தேக்கரண்டி ருசி பாருங்கள். முதலில் மணம் வரும், பிறகு நிறம் வரும், பிறகு ஒருநாள் மரக்கசப்பு எட்டிப்பார்க்கும். அதற்கு முந்தைய நாள் எடுத்திருக்க வேண்டும் என்று அப்போது புரியும். என் அனுபவத்தில் ஒரு வாரம், பத்து நாள். எடுத்த காயை உலர்த்திச் சர்க்கரை டப்பாவில் புதைத்துவைத்தால் பிள்ளைகளின் பாலுக்கு ஆகும். இங்கே டோங்காத் தீவில் விளைந்த காய் கிடைக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் விளைவித்ததுபோல எனக்கு அதில் ஒரு பிரியம்.

இனி அந்த மேல்தட்டு பாட்டிலுக்கு வருகிறேன். அண்ணன் ஏன் தன் சரக்கைத் தன் பெயரில் ஊற்றவில்லை? ஊற்றியிருந்தால் நாங்கள் அப்படித் தலையாட்டியிருக்க மாட்டோம் என்று அவருக்குத் தெரியும். நாங்கள் முகர்ந்து கண்மூடிய "வனிலா நோட்" என்பது என்ன? ஓக் மரத்தின் லிக்னின் நெருப்பில் வாட்டப்படும்போது உடைந்து வரும் வனிலின். மரப்பட்டறை வேலை. அதை ஸ்காட்லாந்துக்காரர் செய்தால் பாரம்பரியம். நம் ஊரில் வெல்ல ஊறலில் வெள்வேலம் பட்டையைப் போட்டார்கள். மரத்தின் துவர்ப்பையும் மணத்தையும் மதுவில் ஏற்றுகிற அதே அறிவுதான் அது. நாம் அதைப் பட்டைச் சாராயம் என்று சொல்லி மூக்கைப் பொத்திக்கொண்டோம். இலங்கையில் தென்னஞ் சாராயத்தை ஹல்மில்லா மரத் தொட்டிகளில் முதிர விடுகிறார்கள். அதைப் பற்றி நம் விருந்தில் யாராவது கண்மூடிப் பேசிக் கேட்டிருக்கிறீர்களா?

என் தலைமுறைக்கு இந்த வெட்கம் சட்டத்தோடு வந்தது. தமிழ்நாட்டில் கள்ளுக்கு 1987 முதல் தடை. 2003இல் சில்லறை மது விற்பனை முழுதும் டாஸ்மாக் கையில் போனது. நாற்பதைத் தாண்டிய நான், நாலு பேர் அறிய ஒரு கலயம் கள் குடித்ததில்லை. காய்ச்சுதல், ஊறல் என்ற சொற்களையே போலீஸ் செய்தியில்தான் படித்து வளர்ந்தேன்: இத்தனை லிட்டர் ஊறல் அழிப்பு, இத்தனை பேர் கைது. பனையும் தென்னையும் வெல்லமும் நமக்குக் குற்றப் பத்திரிகையாக அறிமுகமாயின. அப்படி வளர்ந்தவன் சட்டம் அனுமதிக்கிற நாட்டில் காய்ச்சினாலும், அதை வேற்று பாட்டிலில் ஒளித்துத்தான் மேசைக்குக் கொண்டுவருவான். அண்ணன்மேல் எனக்குக் கோபம் உண்டு. அந்தக் கோபத்தில் பாதி எங்கள்மேல்தான், லேபிளை முகர்ந்து தலையாட்டிய எங்கள்மேல்.

"வனிலா மட்டும் நம்முடையதா?" என்று கேட்கலாம். இல்லை. ஆனால் எட்மோனின் தீவை நாம் அறிய வேண்டும். அடிமைமுறை ஒழிந்தபின் அங்கே கரும்பு வெட்ட ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுபோகப்பட்டவர்களில் பெரும்பங்கு தமிழர்கள். அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்றும் அங்கே இருக்கிறார்கள். மலபார் என்று அவர்களுக்கு அங்கே பெயர். அந்தத் தீவின் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. வெள்ளை ரம்மில் வனிலா காய், பழம், பட்டை, இலை என்று கையில் கிடைத்ததைப் போட்டு மாதக்கணக்கில் ஊறவைத்து, விருந்தாளிக்குக் கொடுப்பார்கள். ரோம் அராஞ்சே என்பார்கள். ரம் பெரும்பாலும் கடையில் வாங்கியதுதான், அதை மறைப்பதில்லை. கண்ணாடி பாட்டிலுக்குள் வனிலா காய் கறுப்பாக நின்றுகொண்டிருக்கும். என்ன குடிக்கிறோம் என்று கண்ணாலேயே பார்த்துவிடலாம்.

நான் கேட்பது அவ்வளவுதான். வெளிப்படையான பாட்டில். வெட்டத் தெரியாவிட்டால் கற்றுக்கொள்ளுங்கள், வராவிட்டால் கொட்டுங்கள். காய் போட்டால் காயென்றும் எசன்ஸ் போட்டால் எசன்ஸ் என்றும் சொல்லுங்கள். உங்கள் கையால் செய்ததை உங்கள் பெயரில் ஊற்றுங்கள். நன்றாக இல்லை என்று நாலு பேர் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். அடுத்த வடி அதனால்தான் திருந்தும்.

பொங்கலுக்கு எங்கள் வீட்டில் கூடினோம். சாதாரணக் கண்ணாடி பாட்டில் ஒன்றில், காயோடு, என் சரக்கை மேசைமேல் வைத்தேன். ஒரு துண்டுக் காகிதத்தில் தமிழில் எழுதி ஒட்டியிருந்தேன்: சர்க்கரை ஊறல், இருமுறை வடித்தது, டோங்கா வனிலா, ஒன்பது நாள். கண்மூடும் நண்பர் ஒரு மிடறு குடித்துவிட்டு, கொஞ்சம் காரமாக இருக்கிறது என்றார். உண்மைதான், காரமாகத்தான் இருந்தது. இரண்டு பேர் தொடவே இல்லை. அண்ணன் மட்டும் பாட்டிலைக் கையில் எடுத்து, வெளிச்சத்தில் தூக்கி, வெகுநேரம் பார்த்தார்.

"எத்தனை காய் தம்பி?"

"ஒண்ணுதான் அண்ணே."

"ஒண்ணு போதுமா?" என்று கேட்டுவிட்டுக் கோப்பையை நீட்டினார்.